வைக்காதீர்

தலையில் பாரத்தோடு தனியாகப் போகிறவரால் அதை இறக்க முடியாது. கீழே போடலாம். போடுவது வேறு, இறக்குவது வேறு. எப்படியோ குனிந்து வளைந்து இறக்கிவிட்டாலும் மறுபடி தலைக்கு ஏற்ற முடியாது; எதிர்ப்பக்கம் கைகொடுத்துத் தூக்கிவிட இன்னோர் ஆள் வேண்டும். அந்த இன்னோர் ஆள் கிடைக்காத வழிகளுக்காகத்தான் சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லைப் படுக்கவைப்பார்கள். உயரம் முகவாய்க்கட்டை மட்டத்துக்கு இருக்கவேண்டும். பக்கத்தில் போய் நின்று கழுத்தை லேசாகச் சாய்த்தால் பாரம் சும்மாட்டோடு கல்லுக்கு நகர்ந்துவிடும். களைப்பு ஆறியதும் அதை விளிம்புவரை இழுத்து, அடியில் தலையைக் கொடுத்து நிமிர்ந்தால் மறுபடி தலைக்கு வந்துவிடும். கல்தான் அந்த இரண்டாவது ஆள்.

மரக்காணத்தில், உப்பளத்துக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவிலுள்ள மண்பாதையில் அப்படி ஒரு கல் நின்றது. அதை நட்டவர் தட்சணாமூர்த்தி. உப்பளத்தில் மோட்டார் ஓட்டுகிறவர். ஓட்டுவது என்றால், நிலத்தடி உப்புத் தண்ணீரை இறைத்து முதல் பாத்திக்கு விடுவது. வெயில் காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் அடுத்தடுத்த பாத்திக்கு மாறி, கனத்து, கடைசிப் பாத்தியில் உப்பாக உட்காரும். மோட்டார் கொட்டகையிலேயே அவருக்குக் குடியிருப்பு. மனைவி வைஜெயந்தி ஏழு மாத வயிற்றோடு இறந்து போனாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்குச் சுமைதாங்கி நடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இறக்காத சுமையோடு போனவள், போன இடத்திலும் அதைச் சுமந்துகொண்டுதான் நிற்பாள். இங்கே யாராவது கல்லில் பாரத்தை இறக்கினால், அந்த நேரம் மட்டும் அங்கே அவளும் இறக்கிவைத்துக்கொள்வாள். தட்சணாமூர்த்தி இதை நம்பினாரா என்று கேட்டால், மோட்டார் சுவிட்சைப் போட்டால் தண்ணீர் வரும் என்பதை நம்பிய அளவுக்கு நம்பினார்.

கல்லில் எழுத்து வெட்ட வந்த தச்சர், முதல் வரியில் ‘ஸ்ரீமுக வருஷம் தை மாசம்’ என்று வெட்டினார். அடுத்த வரியில் பெயர். ‘வை’ என்று வெட்டிவிட்டு உளியைக் கீழே வைத்தார்.

“அந்த ஸ்ரீயிலயே உளி ரெண்டு வாட்டி வழுக்கிடுச்சிப்பா. இந்த ஜ-வை வளைச்சேன்னு வையி, கல்லு பொரிஞ்சி பேரே பூடும். ‘வை’ போதும். யாருன்னு உனக்குத் தெரியுமில்ல?”

தெரியும். அதோடு பெயர் நின்றுவிட்டது.

உப்புக்கூடைகள் டிராக்டருக்கு மாறின. வண்டிகள் வந்தன. அந்தக் கல்லில் பாரம் இறக்குகிறவர்கள் குறைந்து குறைந்து கடைசியில் மிஞ்சியது ஒருத்தி: மீன் விற்கும் மேரிசெல்வி. காலையில் குப்பத்திலிருந்து அன்னக்கூடை நிறைய மீனோடு வருவாள். முதல் தடவை அந்தக் கல்லைப் பார்த்தபோது எழுத்துக்கூட்டிப் படித்து, “வைன்னு போட்டிருக்குது, வச்சேன்,” என்றாள். வைஜெயந்தியின் விஷயம் தெரிந்த பிறகு, தலையைச் சாய்க்கும்போதெல்லாம் கல்லிடம் சொல்வாள்: “அக்கா, கொஞ்சம் புடிச்சிக்க.”

தட்சணாமூர்த்தி கொட்டகையிலிருந்து தண்ணீர்ச் சொம்போடு வருவார்.

“இன்னா மீனும்மா இன்னிக்கி?”

“கானாங்கெளுத்தி. நீ வாங்கவா போற? உனுக்குக் கேக்கத்தான் வாய்.”

“எனுக்கு ஒருத்தனுக்கு எவன் ஆய்ஞ்சி கொழம்பு வைக்கிறது?”

“அதானே. மோட்டாராண்ட சொல்லு, வச்சிக் குடுக்கும்.”

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு மறுநாள் காலை வரைக்கும் அவரோடு பேசுவது மோட்டார் மட்டுமே.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு மாசி மாதத்தில் மரபிட அடையாளக் குழுமம் வந்தது.

குழுமம் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லவேண்டும். பழைய இடங்களைக் கண்டுபிடித்து, பக்கத்தில் ஒரு பலகை நட்டு, இது பழைய இடம் என்று எழுதுவது அதன் பணி. ஒவ்வோர் ஊராட்சிக்கும் வருஷத்துக்கு ஒரு பலகை என்று இலக்கு வைத்திருந்தார்கள். பிரம்மதேசத்தில் கவலையில்லை, கோயில் இருந்தது, ஒவ்வொரு வருஷமும் ஒரு தூணுக்கு ஒரு பலகை நடலாம். கீழ்புத்துப்பட்டில் ஒரு பழைய புளியமரத்துக்குப் பலகை நட்டார்கள். பலகை சாலையிலிருந்து தெரியவேண்டும் என்று மரத்தை வெட்டினார்கள். பலகை இப்போது நன்றாகத் தெரிகிறது. பொம்மையார்பாளையத்தில் எதுவுமே அகப்படாமல், ‘குழுமத்தின் முதல் பலகை இவ்விடத்தில் நடப்பட்டது’ என்று ஒரு பலகை நட்டார்கள். அதுதான் முதல் பலகை என்பதால் அதில் பொய் எதுவும் இல்லை.

உப்பளப் பக்கம் மட்டும் இலக்கு பாக்கி இருந்தது. குழுமத்தின் இயக்குநர் முனைவர் அருள்மொழியும் உதவியாளர் ஷாலினியும் ஜீப்பில் வந்து கல்லைப் பார்த்தார்கள். அருள்மொழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“இது நான் நட்டதுங்க சார்,” என்றார் தட்சணாமூர்த்தி. “எங்க வூட்டுக்காரிக்காக.”

“எழுதிக்கோம்மா,” என்றார் அருள்மொழி ஷாலினியிடம். “இக்கல்லைத் தட்சணாமூர்த்தி என்ற உப்பளத் தொழிலாளி தன் மனைவிக்காக நட்டதாக ஒரு செவிவழிக் கதை நிலவுகிறது.”

“கதை இல்லீங்க சார். நான்தான் தட்சணாமூர்த்தி.”

“கதை சொல்பவர் தன்னையே கதாநாயகனாக நினைத்துக்கொள்வது வாய்மொழி மரபின் பொதுக்கூறு. அதையும் எழுதிக்கோ.”

ஷாலினி எழுதிக்கொண்டே கல்லை உற்றுப் பார்த்தாள். “சார், எழுத்து இப்ப நாம எழுதற எழுத்து மாதிரியே இருக்குது சார்.”

“அதுதாம்மா தமிழின் தொன்மை,” என்றார் அருள்மொழி. “அன்றைக்கே இன்றைக்கு மாதிரி எழுதியிருக்கிறான் பார்.”

கல்லின் வயதைக் குழுமக் கூட்டம் முடிவு செய்தது. தமிழ் வருஷங்களுக்குப் பெயர்கள் மொத்தம் அறுபது. அறுபதும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே வெறும் ‘ஸ்ரீமுக’ என்று எழுதியிருந்தால், அது எந்தச் சுற்றின் ஸ்ரீமுக என்று எழுத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. தட்சணாமூர்த்தியின் ஸ்ரீமுக தை, 1994-இல் வந்தது. குழுமம் தொடங்கியது அதற்கு முன்பு. குழுமத்தை விட இளைய கல்லைக் குழுமம் எப்படிப் பாதுகாப்பது என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமாகத் தோன்றியதால் அறுபது வருஷம் பின்னால் போனார்கள். 1934 வந்தது. அப்போது பிறந்தவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும், வந்து ஆட்சேபிப்பார்கள் என்று இன்னோர் அறுபது. அப்போது வெள்ளைக்காரன் இருந்தான். அவன் காலத்துக்கு நாம் ஏன் பெருமை சேர்க்கவேண்டும் என்று இன்னோர் அறுபது. ஒவ்வொரு அறுபதிலும் ஒரு குறை இருந்தது, ஒவ்வொரு குறைக்கும் ஓர் அறுபது இருந்தது. 1034-இல் சோழர் காலம் வந்ததும் அனைவர் முகமும் மலர்ந்தது. இன்னும் ஒரு சுற்றுப் பின்னால் போகலாம் என்று ஒருவர் வாயெடுத்தார்; அதற்குள் கேசரி வந்துவிட்டது. கல் சோழர் காலத்தில் நின்றது அப்படித்தான்.

‘வை’ பற்றியும் விவாதம் நடந்தது. நெற்றியில் திருமண் இட்டிருந்தவர் ‘வைணவம்’ என்றார். சித்த மருத்துவர் ‘வைத்தியசாலை’ என்றார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ‘வைப்பு நிதி’ என்றார். யார் மனமும் கோணாதபடி அருள்மொழி ‘வையகம்’ என்று முடித்தார். இந்தக் கல்லை நட்ட மன்னன் உலகையே ஆள விரும்பினான் என்பது அதிலிருந்து தானாகவே கிடைத்தது.

அடுத்த வாரம் கல்லைச் சுற்றி ஆள் உயரத்துக்கு இரும்பு வேலி வந்தது. பூட்டு வந்தது. சாவி விழுப்புரத்துக்குப் போனது. வேலியில் ஒரு தகரம் கட்டினார்கள்: ‘தொடாதீர். சாயாதீர். கல்லின் மீது எப்பொருளையும் வைக்காதீர்.’

மறுநாள் காலை மேரிசெல்வி கூடையோடு வந்து வேலிக்கு முன்னால் நின்றாள். கல் அங்கேதான் இருந்தது. கூடை தலையிலேயே இருந்தது.

“இன்னாண்ணா இது, அக்காவ ஜெயில்ல போட்டுட்டாங்க?”

“பாதுகாக்கறாங்களாம்.”

“யாராண்டயிருந்து?”

தட்சணாமூர்த்தி யோசித்துப் பார்த்தார். அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். “உன்னாண்டயிருந்துதான் போல,” என்றார்.

அவர் கூடையைப் பிடித்து இறக்க வந்தார். மேரிசெல்வி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். போன மழைக்காலத்தில் பாத்தி வரப்பில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவருக்கு வலது கை தோளுக்கு மேலே எழாது. அது அவளுக்குத் தெரியும். தண்ணீரை நின்றபடியே அண்ணாந்து குடிக்கப் பார்த்தாள். தலையில் கூடை இருந்தால் அண்ணாக்க முடியாது. சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தாள். இரண்டு நாள் அப்படிப் பார்த்தாள். மூன்றாம் நாளிலிருந்து சாலை வழியாக ஷேர் ஆட்டோவில் போய்விட்டாள்.

தட்சணாமூர்த்தி சொம்பை எடுத்துக்கொண்டு வழக்கமான நேரத்துக்கு வெளியே வருவார். பாதையில் யாரும் இருக்கமாட்டார்கள். பாத்திகளில் வானம் கிடக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தண்ணீரை வேலிக்கு உள்ளே எட்டினமட்டும் ஊற்றிவிட்டுத் திரும்புவார். சில நாள் புதுச்சேரிக்குப் போகிற கார்கள் தகரத்தைப் பார்த்து நிற்கும். இறங்கியவர்கள் வேலியோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் அவரிடம் நெருங்கி வந்தார். பேசப் போகிறார் என்று தட்சணாமூர்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அண்ணா, இங்க பக்கத்துல பாத்ரூம் இருக்கா?” என்று கேட்டார் அவர்.

தட்சணாமூர்த்திக்கு உறுத்தியது தன் தனிமை அல்ல, அது பழகிவிட்டது. வைஜெயந்தி அங்கே இறக்காமல் நிற்கிறாளே என்பதுதான். முன்பெல்லாம் ஒரு நாளில் ஒரு மூச்சு நேரமாவது இறக்கிவைத்தாள். இப்போது அதுவும் இல்லை. சித்திரை பிறந்ததும் பஸ் ஏறி விழுப்புரத்துக்குப் போனார்.

அருள்மொழி அவரை உட்காரச் சொன்னார். மனிதர் கெட்டவர் இல்லை. காபி கூட வரவழைத்தார்.

“சார், வேலியை எடுத்துருங்க. பூட்டையாவது எடுத்துருங்க. அதுல யாராவது பாரம் வைக்கணுங்க. அதுக்குத்தாங்க அதை நட்டது.”

“புராதனச் சின்னத்தில் பாரம் வைக்க விதி இடம் தராது.”

“அது புராதனம் இல்லீங்க சார். நானே நட்டது. என்னப் பாருங்க, நான் உசுரோட இருக்கிறேன்.”

அருள்மொழி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “சரி. நீங்கள் சொல்வதையே ஏற்றுக்கொள்கிறேன். கல் புராதனம் இல்லை. அப்படியானால் அது பொதுப்பாதையில் அனுமதி வாங்காமல் நட்ட ஆக்கிரமிப்பு. நாங்கள் எழுதிய மறுநாள் ஜேசிபி வந்து பிடுங்கிவிடும். ஆயிரம் வருஷமாக இருந்தால் பாதுகாப்போம். முப்பது வருஷமாக இருந்தால் அகற்றுவோம். இரண்டுக்கும் நடுவில் எங்களிடம் வழி கிடையாது. நீங்களே சொல்லுங்கள், உங்கள் மனைவி எப்போது இறந்தார்?”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தட்சணாமூர்த்தி காபியைப் பார்த்தார். ஏடு படிந்திருந்தது. ஜேசிபியின் வாயில் அந்தக் குறுக்குக்கல் தொங்குவதை நினைத்துப் பார்த்தார்.

“சோழர் காலத்துலங்க சார்,” என்றார்.

“நல்லது,” என்று அருள்மொழி எழுந்து கைகொடுத்தார். “உங்களைப் போன்ற விழிப்புணர்வுள்ள மக்கள்தான் குழுமத்தின் பலம்.”

பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர் குடும்பம் எத்தனை பேர் என்று விசாரித்தார். வீட்டுக்காரம்மா தவறிப் போய் எவ்வளவு காலம் ஆகிறது என்று கேட்டார். தட்சணாமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று தன் வாயாலேயே அவளை ஆயிரம் வருஷத்துக்கு அப்பால் தள்ளிவிட்டு வந்தவர் அவர். அவள் முகத்தை நினைத்துப் பார்த்தார். வெகு தூரத்தில் இருப்பது போல் இருந்தது.

வைகாசியில் பலகைத் திறப்பு விழா. குழுமத்தின் வழக்கப்படி, பலகை என்று பெயர் இருந்தாலும் அது ஒரு சிமெண்டுத் திண்டு. முகப்பில் எழுத்துப் பொறித்த கருங்கல். படிக்கிறவர் குனியவும் கூடாது, அண்ணாக்கவும் கூடாது என்பது விதி. ஆகவே திண்டின் உச்சி சராசரி மனிதரின் முகவாய்க்கட்டை மட்டத்துக்கு வரும்படி கட்டியிருந்தார்கள். மேல்பக்கம் தட்டையாக, வழவழப்பாகப் பூசியிருந்தது. வேலிக்கு வெளியே, பாதையோரத்தில், பச்சைப் பட்டுத் துணியால் மூடி, சிறப்பு விருந்தினர் இழுப்பதற்குக் கயிறும் கட்டியிருந்தது.

தட்சணாமூர்த்திக்குப் பொன்னாடை போர்த்தி, ‘வாய்மொழி மரபுச் சுடர்’ என்று விருது கொடுத்து, முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பழைய வாழ்க்கைமுறையைக் காட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. ஷாலினி குப்பத்துக்குப் போய் மேரிசெல்வியை அழைத்து வந்திருந்தாள். வெறுங்கூடை என்றால் படத்தில் கழுத்து இயல்பாக இருக்காது என்று கூடை நிறைய மீனும் ஐஸும் வைத்து, வேலிக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள்.

அருள்மொழி பேசத் தொடங்கினார்.

“அன்பர்களே, வரலாறு என்றால் என்ன? நடந்தது வரலாறு ஆகாது. நடந்ததெல்லாம் எல்லா ஊரிலும் நடக்கிறது. எங்கே நாங்கள் பலகை நடுகிறோமோ அங்கேதான் வரலாறு தொடங்குகிறது. இந்தக் கல்லில் சுமை இறக்கினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், வேலி போட்ட நாளிலிருந்து ஒருவராவது இதில் சுமை இறக்கியது உண்டா? இல்லை. அந்த வழக்கம் அழிந்துவிட்டது என்பதை எங்கள் கள ஆய்வு ஐயமற நிறுவியிருக்கிறது. அழிந்ததைக் காப்பதே எங்கள் கடமை. அழியாததைக் காக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை.”

கைதட்டினார்கள். வெயில் ஏறியது. கடற்காற்று இன்னும் வரவில்லை. ஐஸ் உருகி மேரிசெல்வியின் காதோரமாக வடிந்தது.

“சார்,” என்றாள் அவள், “எறக்கணும் சார்.”

“சற்றே பொறுங்கள். இதோ முடித்துவிடுகிறேன். பல்லவர் காலத்திலே...”

அவள் கழுத்து நரம்பு துடிப்பதைத் தட்சணாமூர்த்தி பார்த்துக்கொண்டிருந்தார். வைஜெயந்தியும் ஏழாம் மாதம் வரைக்கும் உப்புக்கூடை சுமந்தவள். கடைசி நாட்களில் அவள் கழுத்தும் இப்படித்தான் துடிக்கும். “எறக்கிடவா?” என்று கேட்பாள். இன்னும் ரெண்டு நடைதான் என்று சொல்வார்.

அவர் எழுந்தார். பொன்னாடை நாற்காலியில் மாட்டிக்கொண்டு நழுவியது. பச்சைத் துணி போர்த்திய திண்டுக்குப் போனார். பக்கத்தில் நின்று பார்த்தார். உச்சி அவர் முகவாய்க்கட்டைக்குச் சரியாக வந்தது. இடது கையால் அதன் தலையில் தட்டினார்.

“மேரி. இங்க வை.”

மேரிசெல்வி வந்தாள். கழுத்தைச் சாய்த்தாள். கூடை சும்மாட்டோடு திண்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தது. மீன் தண்ணீர் பட்டுத் துணியில் இறங்கி இருட்டாகப் பரவியது.

அருள்மொழி பேச்சை நிறுத்தினார். சிறப்பு விருந்தினருக்குப் பேச்சு முடிந்தது என்று தோன்றியிருக்கவேண்டும். எழுந்து வந்து கயிற்றை இழுத்தார். துணி வரவில்லை. பலமாக இழுத்தார். கயிறு அறுந்து கையோடு வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

“கூடையை எடும்மா,” என்றார் அருள்மொழி.

“மூச்சு வாங்கிட்டு எடுக்கறேன் சார்.”

“இதில் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது.”

“சார்,” என்று ஷாலினி மெதுவாகக் குறுக்கிட்டாள், “விதி கல்லுக்குத்தான் சார் இருக்குது. கல்லின் மீதுன்னுதான் எழுதியிருக்கோம். பலகைக்கு விதி இல்ல சார்.”

அருள்மொழி நேர்மையான மனிதர். விதி இல்லாத இடத்தில் அவரால் கோபப்பட முடியாது. “அடுத்த கூட்டத்தில் விதி செய்வோம்,” என்றார்.

அடுத்த கூட்டத்தில் அந்த விஷயத்தை எடுத்தார்கள். பலகையில் பாரம் வைப்பதைத் தடைசெய்ய, அந்த வழக்கம் எந்தக் காலத்திலிருந்து இருக்கிறது என்று முதலில் நிர்ணயிக்க வேண்டியிருந்தது. இந்த வைகாசி என்று ஷாலினி சொன்னாள். அதை யாரும் விரும்பவில்லை. அறுபது அறுபதாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

விழா முடிந்த அன்று சாயங்காலம் தட்சணாமூர்த்தி மோட்டார் கொட்டகையிலிருந்து கொஞ்சம் கறுப்புப் பெயிண்டும் ஒரு குச்சியும் எடுத்து வந்தார். திண்டின் பக்கவாட்டில், பாதையில் வருகிறவருக்குத் தெரிகிற மாதிரி, ‘வை’ என்று எழுதினார். பெயிண்டில் கல் பொரியாது. ‘ஜெயந்தி’யையும் எழுதியிருக்கலாம். கொஞ்ச நேரம் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், போதும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் சொம்போடு வெளியே வந்தார். பாதை வெறுமையாக இருந்தது. திரும்பப் போனவர், சும்மாடு கட்டிய தலை வரப்புக்கு மேலே வருவதைப் பார்த்து நின்றார்.

மேரிசெல்வி எழுத்தைப் படித்தாள். கூடையை நகர்த்தினாள். தண்ணீரை அண்ணாந்து குடித்தாள்.

“ஆட்டோவுல போவலியா?”

“எவன் போவான். கால நீட்ட எடமில்ல, மீன் நாத்தம்னு ஒருத்தி மூக்கப் புடிக்கிறா.”

தட்சணாமூர்த்தி வேலிக்கு உள்ளே பார்த்தார். திண்டுக்கும் கல்லுக்கும் நடுவில் கம்பியும் பூட்டும் இருந்தன.

“ஏம்மா,” என்றார், “இதுல வச்சா அவளுக்குப் போய்ச் சேருமா?”

மேரிசெல்வி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கல்லுக்கும் திண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தாள்.

“எட்டிப் புடிச்சிக்கும்,” என்றாள். அப்புறம் கம்பிக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னாள்: “அக்கா, நான் எறக்கிட்டேன். நீயும் எறக்கு.”

இருவரும் கூடையைத் தொடாமல் நின்றார்கள், வைஜெயந்திக்கு அவகாசம் கொடுக்கிற மாதிரி.